ஒரு தடவை விசா

அழுதுகொண்டு வரும் பெண்களைத் தடேயு ரிபா நம்புவதில்லை. அழாமல் வருகிறவர்களை அதைவிடக் குறைவாக நம்புவார். நெயுஸ் இரண்டுக்கும் நடுவில் இருந்தாள். கண் சிவந்திருந்தது, ஆனால் உதவியாள் ஷெஸ்கா நீட்டிய காப்பியில் சர்க்கரை போட மறக்கவில்லை. அதனால் உட்காரச் சொன்னார்.

ஸ்பெயினுக்கும் பிரான்சுக்கும் நடுவில் இருக்கும் குட்டி மலைநாடான அந்தோராவின் தலைநகரில், ஒரு சென்ட் கடைக்கு மேல் மாடியில் இருந்தது அவருடைய அலுவலகம். அதே கடைவீதியில் பாதி ஆயுளைக் காவல்காரராகக் கழித்தவர். விலை மலிவு என்று ஸ்பெயினிலிருந்தும் பிரான்சிலிருந்தும் கூட்டம் கூட்டமாக வருகிறவர்களின் கைகளையும் கோட்டுப் பைகளையும் பார்த்துப் பார்த்தே மனித இனத்தின் மேல் இருந்த மரியாதை போய்விட்டது. வயதாகி வேலை போன பிறகு காணாமல் போனதைத் தேடித் தருகிறேன் என்று பலகை மாட்டினார். படிப்பு அதிகம் இல்லை. பலகையில் எழுதியதே ஷெஸ்காதான். அவள் கீழே சென்ட் விற்றுக்கொண்டிருந்தவள். வாடிக்கையாளர்களிடம் வாய் அதிகம் என்று அனுப்பிவிட்டார்கள். இவரிடம் வந்து வண்டி ஓட்டுகிறாள், வாயும் ஓட்டுகிறாள்.

"நாளைக்கு எனக்குக் கல்யாணம்," என்றாள் நெயுஸ்.

"மாப்பிள்ளை?"

"காணோம். புதன்கிழமையிலேர்ந்து."

"கேக்காவது இருக்கா?" என்றாள் ஷெஸ்கா.

தடேயு அவளை முறைத்தார். அவள் ஜன்னலைத் துடைக்கப் போனாள்.

நெயுஸ் சொன்னது இதுதான். மாப்பிள்ளை பெயர் யெர்லான். கஜகஸ்தான்காரன். போன குளிர்காலத்தில் பனிச்சறுக்கு மலையில் ஆட்களை மேலே ஏற்றும் கம்பித் தொட்டில்களைப் பழுது பார்க்கும் வேலைக்கு வந்தவன், இங்கேயே தங்கிவிட்டான். புதன்கிழமை மத்தியானம் நெயுஸின் தாய்மாமன் க்ளிமென் அவனைக் காரில் ஏற்றிக்கொண்டு போய் எல்லை தாண்டி, ஸ்பெயினில் லா செயு ஊர்ப் பஸ் நிலையத்தில் இறக்கிவிட்டாராம். அவசர வேலை என்று அவனே கேட்டானாம். போனவன் திரும்பவில்லை. போன் எடுக்கவில்லை. அன்று சாயங்காலம் அம்மா அலமாரியைத் திறந்து பார்த்தால், குடும்பத்தின் சிவப்புக்கல் மாலையும் இல்லை. கால் ஃபெருஸ் என்ற அந்த வீட்டில் பிறந்த ஒவ்வொரு பெண்ணும் கல்யாணத்தன்று போட்டுக்கொள்வது அது.

"ராத்திரிக்குள்ள வரலைன்னா அம்மா போலீசுக்குச் சொல்லிடுவாங்களாம். சொல்லிட்டா அவன் திருடன்னு எழுதிடுவாங்க. அப்புறம் அவன் வந்தாலும் வேலை இருக்காது, இங்க தங்க விடமாட்டாங்க. நாடு கடத்திடுவாங்க." அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். "அவன் எடுத்திருக்க மாட்டான்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க," என்றார் தடேயு. "அவன்கிட்ட உனக்குப் பிடிக்காதது என்ன? அதைச் சொல்லு. பிடிச்சதைக் கேட்டா நீ பொய்யில போய் நிப்பே."

நெயுஸ் கொஞ்சம் யோசித்தாள். "பாடுவான். சுதியே சேராது. பன்றிக்கறி தொட மாட்டான், எங்க அம்மாவுக்கு அதுல தீராத கோபம். அப்புறம் இந்தத் தலைவலி."

"என்ன தலைவலி?"

"ஞாயித்துக்கிழமை ஆனா என் கூட்டாளிங்க எல்லாம் லா செயுல போய்ச் சாப்பிடலாம்னு கிளம்புவாங்க. கிளம்பற நேரம் பார்த்து இவனுக்குத் தலைவலி. ஒரு வாரம்கூடத் தப்பாது. என் கூட்டாளிங்களைப் பிடிக்கலை போலன்னு விட்டுட்டேன்."

"மத்த நாள்ல?"

"எருமை மாதிரி இருப்பான். இந்த நாட்டுல அவன் ஏறாத மலை இல்ல."

தடேயு கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார்.

வண்டியில் நெயுஸ் பின்னால் உட்கார்ந்தாள். ஆர்டினோ பக்கம் ஏறும் சாலையின் இரு ஓரமும் பனி அழுக்காகிக் கிடந்தது. ஷெஸ்கா வழக்கம்போல் வளைவுகளில் வேகம் எடுத்தாள், நேர்ச் சாலையில் குறைத்தாள். கேட்டால், நேரான எதையும் நம்பக் கூடாது என்று முதலாளியே சொல்லியிருக்கிறார் என்பாள்.

நெயுஸின் அம்மா ரெமேய் நடத்தும் விடுதிக்கும் வீட்டின் பெயர்தான், கால் ஃபெருஸ். ரெமேய் அடுப்படியில் நின்றாள். பெரிய இரும்புச் சட்டியில் முட்டைக்கோசும் உருளைக்கிழங்கும் மசிந்து, ஓரம் முறுகிக்கொண்டிருந்தது. டிரின்ஷாட். குளிர்காலத்தில் இந்த மலையில் எந்த வீட்டுக்குப் போனாலும் அதுதான். அடுப்பு அனல் முகத்தில் அடித்தது. ரெமேய் கழுத்தில் கம்பளித் துண்டை இறுக்கிச் சுற்றியிருந்தாள்.

"வாங்க தடேயு. இவ கூட்டிட்டு வந்துட்டாளா? வெளியில தெரியாம இருக்கட்டும்னு நான் வாயை மூடிட்டு இருக்கேன், இவ ஊரைக் கூட்டறா."

"தொண்டை சரியில்லையா ரெமேயம்மா?"

"எனக்கு எதுதான் சரியா இருக்கு?" அவள் கரண்டியைச் சட்டியின் விளிம்பில் தட்டினாள். "நான் அப்பவே சொன்னேன். வெளியூர்க்காரன், இன்னிக்கு இருப்பான், நாளைக்கு ஓடிருவான்னு. உள்ளூர்க்காரனே ஓடினான். இவ அப்பன் டயர் மாத்தறேன்னு பிரான்ஸ் பக்கம் போனான். ஊர் உலகமெல்லாம் டயர் வாங்க அந்தோராவுக்குள்ள வருது, இவன் டயர் வாங்க வெளிய போனான். அப்பவே எனக்கு மண்டையில உறைச்சிருக்கணும்."

"திரும்பி வரவே இல்லையா?"

"இன்னும் டயர் மாத்திட்டிருக்கான்."

நெயுஸ் தலையைக் குனிந்துகொண்டாள். இந்தக் கதையைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவள் என்பது முகத்தில் தெரிந்தது.

"மாலை எங்க இருந்தது?" என்றார் தடேயு.

"என் அலமாரியில. துணிக்கு அடியில."

"பூட்டு?"

"வீட்டு மனுஷங்களுக்கு என்ன பூட்டு? அதான் தப்பாப் போச்சு."

"புதன்கிழமை போனது. இன்னிக்கு வெள்ளிக்கிழமை. இன்னும் போலீசுக்குச் சொல்லலை."

"பொண்ணு மானத்துக்காகப் பொறுத்திருக்கேன். ராத்திரி வரைக்கும் பார்ப்பேன், அப்புறம் சொல்லிடுவேன். அவளும் மனசைத் தேத்திக்கிட்டு வேற வேலையைப் பார்ப்பா."

தடேயு அலமாரியைப் பார்க்க வேண்டும் என்று கேட்கவில்லை. கைரேகை தேடித் தரையில் மண்டி போட அவருக்கு முழங்காலும் இடம் தராது. சட்டியில் கிடந்த கரண்டியை எடுத்து மோந்துவிட்டு ரெமேயின் முகத்தைப் பார்த்தார். பிறகு நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பினார். வாசலில் நெயுஸைத் தனியாக இழுத்து அவள் காதில் ஏதோ சொன்னார். அவள் புருவம் உயர்ந்தது. கேள்வி கேட்க வாயைத் திறந்தவளை, "சொன்னதைச் செய்," என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார்.

ஷெஸ்கா வாயைத் துடைத்துக்கொண்டே பின்னால் வந்தாள்.

"என்ன திருடினே?"

"ஒரு கரண்டி டிரின்ஷாட். திருப்பிக் குடுத்துடலாம்னு தோணுது. ரெமேயம்மாவுக்கு வயசாயிடுச்சு முதலாளி. பன்றிக்கொழுப்பே போடலை. சப்புன்னு இருக்கு. ஆஸ்பத்திரியில குடுத்தாக்கூட நோயாளி எழுந்து ஓடிருவான்."

"நீ ஏதாவது யோசிச்சியா?"

"உப்பாவது கூடப் போட்டிருக்கலாம்னு யோசிச்சேன்."

"வண்டியை எடு," என்றார் தடேயு.

க்ளிமென் நாட்டின் தென்கோடியில், ஸ்பெயின் எல்லைக்குக் கொஞ்சம் முன்னால் பெட்ரோல் பங்க் வைத்திருந்தார். பாதி தூரம் போனதும் தடேயு கேட்டார்.

"எந்த வியாதி ஞாயித்துக்கிழமை மட்டும் வரும்?"

"மாமியார் வீட்டு விருந்து இருந்தா வரும்."

"மலை ஏறும்போது வராம, தெற்கே காரைத் திருப்பினா மட்டும் வர்ற தலைவலி. சரியா லா செயுன்னு பேர் சொன்னா வர்றது."

ஷெஸ்கா வேகத்தைக் குறைத்தாள். நேர்ச் சாலை என்பதால் அல்ல.

"எங்க மேல் மாடி லுஸ்ஸுக்கும் இப்படித்தான் முதலாளி. பிலிப்பைன்ஸ்காரி, ஓட்டல்ல துணி தேய்க்கறா. லா செயு சந்தையில காய் மலிவு, வாடின்னு எத்தனை தடவை கூப்பிட்டிருப்பேன். ஒரு நாள் வயித்துவலி, ஒரு நாள் கால்வலி. அப்புறம் ஒரு நாள் அழுதுட்டே சொன்னா. அவளால எல்லை தாண்ட முடியாதாம்."

"ஏன்? ஜெயில்ல இருந்தாளா?"

"விசா. நம்ம நாட்டுக்குள்ள வர யாருக்கும் விசா வேணாம், தெரியுமில்ல? ஆனா ஆகாசத்துலேர்ந்து குதிக்கவா முடியும்? நமக்கு விமான நிலையம் கிடையாது. ஸ்பெயின் வழியா வரணும், இல்ல பிரான்ஸ் வழியா வரணும். அவங்க ஊர்ல கால் வைக்க அவங்க விசா வேணும். லுஸ்ஸுக்கு விவரம் தெரியாம, ஒரு தடவை விசான்னு ஒண்ணு, ஒரே ஒரு தடவை உள்ள நுழையற விசா, அதை வாங்கிட்டா. பார்சிலோனாவுல இறங்கினா, பஸ் ஏறினா, நம்ம எல்லைக்குள்ள நுழைஞ்சா. நுழைஞ்ச நிமிஷமே அந்த விசா செத்துப் போச்சு. அந்த ஒரு தடவை முடிஞ்சதுல்ல? இப்ப திரும்பி ஸ்பெயினுக்குள்ள போகணும்னா அது ரெண்டாவது தடவை."

தடேயு கண்ணாடி வழியாக மலைகளைப் பார்த்தார். பிறந்ததிலிருந்து அந்த எல்லையை எத்தனை முறை தாண்டியிருப்பார் என்று அவருக்கே தெரியாது. ஒரு முறைகூட ஒருவரும் அவர் முகத்தைப் பார்த்ததில்லை. காரின் டிக்கியைத்தான் பார்ப்பார்கள். எத்தனை பெட்டி சிகரெட், எத்தனை பாட்டில் சாராயம், எத்தனை மூட்டை சர்க்கரை. எல்லை என்றால் அந்தோராக்காரனுக்கு அதுதான். தன் பாஸ்போர்ட் எங்கே இருக்கிறது என்றே தடேயுவுக்கு ஞாபகம் இல்லை.

"அப்ப உள்ள வரலாம், வெளிய போக முடியாது," என்றார்.

"எலிப்பொறி. சீஸ் மட்டும் நல்ல சீஸ்."

"இதை ஏன் அந்தப் பொண்ணுகிட்ட மறைச்சான்?"

"நீங்க என்ன நினைப்பீங்க? வெளிநாட்டுக்காரன், விசா செத்துப் போச்சு, அந்தோராப் பொண்ணைக் கட்டிக்கிறான். காகிதத்துக்காகக் கட்டிக்கிறான்னு ஊர் பேசாதா?"

"நான் அப்படித்தான் நினைப்பேன்," என்றார் தடேயு.

"அதனாலதான் அவனுக்குத் தலைவலி."

க்ளிமென் பங்கின் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, பெரிய தொடைகளுக்கு நடுவில் ஒரு வாளியை வைத்துக்கொண்டு வால்நட்டு உடைத்துக்கொண்டிருந்தார். தடேயுவைப் பார்த்ததும் எழுந்து நின்றார். எழுந்து நிற்க வேண்டிய அவசியமே இல்லை. தடேயு அதைக் கவனித்துக்கொண்டார்.

"பாவம் நெயுஸ்," என்றார் க்ளிமென். "நானே என் கையால ஏத்திட்டுப் போய் விட்டேன் பாருங்க. தெரிஞ்சிருந்தா செய்வேனா?"

"எல்லையில நிறுத்தினாங்களா?"

"நிறுத்தாமலா? ஒரே வரிசை. நாங்க போறதுக்கே அரை மணி ஆச்சு. ஸ்பெயின் காவல்காரன் ஒருத்தன் வந்தான், இளம் வயசு, மீசை இப்பத்தான் முளைக்குது. சிகரெட் இருக்கான்னான். இல்லைன்னேன். நம்பலை. டிக்கியைத் திறன்னான். திறந்தேன். ரெண்டு மூட்டை சர்க்கரை, என் மாமியாருக்கு. அதைத் தட்டித் தட்டிப் பார்த்தான். ஸ்பேர் டயரைக்கூடத் தூக்கிப் பார்த்தான்னா பாருங்களேன். அப்புறம் போன்னுட்டான்."

"யெர்லான் என்ன பண்ணினான்?"

"பக்கத்துல உட்கார்ந்திருந்தான். பாட்டுப் பாடிட்டு."

"அவனை எதுவும் கேக்கலையா?"

"அவனை என்ன கேப்பான்? அவன் மடியிலயா சர்க்கரை இருக்கு?"

"பாஸ்போர்ட்?"

க்ளிமென் சிரித்தார். உண்மையான சிரிப்பு. "யாருங்க கேப்பா? உங்களை எப்பவாவது கேட்டிருக்காங்களா?"

"என்னைக் கேட்டதில்ல," என்றார் தடேயு.

ஷெஸ்கா வாளியிலிருந்து ஒரு வால்நட்டை எடுத்துக்கொண்டாள். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்குகிறாள் என்பது தெரிந்தது. பொய்க்காகத் தடேயு ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை. சோம்பேறிப் பொய்தான் அவருக்குப் பிடிக்காது. இது சோம்பேறிப் பொய் இல்லை. மீசை, சர்க்கரை, ஸ்பேர் டயர் என்று உழைத்திருக்கிறார். என்ன, ஒரு அந்தோராக்காரனின் பயணத்தைத் தூக்கி ஒரு கஜகஸ்தான்காரன் மடியில் வைத்துவிட்டார்.

தடேயு கையுறையை மெதுவாக மாட்டினார். "சரி, நீங்க சொன்னது சரியாத்தான் இருக்கு. அவனைப் பிடிச்சாச்சு."

"யாரை?"

"யெர்லானைத்தான். லா செயு பஸ் நிலையத்துல, நீங்க இறக்கிவிட்ட அதே இடத்துல. காலையில ஸ்பெயின் போலீஸ்காரங்க பிடிச்சுட்டாங்களாம். உங்களுக்கும் சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

வாளி சாய்ந்து வால்நட்டெல்லாம் தரையில் உருண்டது. க்ளிமென் குனியவில்லை.

"பஸ் நிலையத்துலயா?"

"ஆமா. சந்தோஷம்தானே?"

"ரொம்ப," என்றார் க்ளிமென். அவர் நெற்றியில் குளிருக்குச் சம்பந்தமில்லாத வேர்வை துளிர்த்தது.

அவர்கள் வண்டியைத் தெரு முனையில் திருப்பி, ஒரு லாரிக்குப் பின்னால் நிறுத்துவதற்குள் க்ளிமென் பங்கின் கதவைச் சாத்திவிட்டார். அவருடைய நீலக் கார் வடக்கே பறந்தது.

"சுவரேறிக் குதிச்சுட்டானோன்னு பார்க்கப் போறாரு," என்றாள் ஷெஸ்கா. "முதலாளி, உங்களுக்கு மனசாட்சியே கிடையாது."

"இருந்துது. அது இருந்தா கடைக் காவலுக்கு ஆகாது."

"அந்தாளு அவனை ஏதாவது பண்ணியிருந்தா?"

அதுவும் தடேயுவின் மனதில் ஓடாமல் இல்லை. வால்நட்டு உடைக்கும் கை பெரிய கை.

நீலக் கார் தலைநகரைத் தாண்டி, ஆர்டினோவைத் தாண்டி, மாடுகள் போகும் ஒரு மேட்டுப் பாதையில் திரும்பியது. இருட்டத் தொடங்கியிருந்தது. ஷெஸ்கா விளக்கை அணைத்துவிட்டுத் தூரத்தில் தொடர்ந்தாள். பாதையின் முடிவில் ஒரு போர்டா. கோடையில் மாடும் குளிரில் வைக்கோலும் இருக்கும் கல் கொட்டகை. அதன் கூரையில் புகை வந்துகொண்டிருந்தது. வைக்கோல் கொட்டகையில் யாரும் நெருப்பு மூட்ட மாட்டார்கள்.

க்ளிமென் கதவைத் திறந்துகொண்டு உள்ளே ஓடினார். தடேயுவும் ஷெஸ்காவும் மூச்சு வாங்க மேலே ஏறும்போது உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. தடேயு நின்றார்.

"கத்தறான்," என்றார்.

"இல்ல முதலாளி. பாடறான். சுதி சேரலை."

உள்ளே, கணப்புக்கு அருகில், வைக்கோல் கட்டின் மேல் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தான். அகலமான முகம். தடித்த கன்னம். கால் மேல் கம்பளி. மூன்று நாள் சாப்பிட்டு உட்கார்ந்ததில் முகம் இன்னும் பளபளப்பாகியிருந்தது. க்ளிமென் சுவரில் சாய்ந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நீ இங்கதான் இருக்கே," என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"வேற எங்க மாமா போவேன்?" என்றான் யெர்லான். தடேயுவைப் பார்த்ததும் எழுந்து நின்று இரண்டு கையையும் தூக்கினான். "போலீசா? என்கிட்ட இங்க வேலை பாக்கற அனுமதி இருக்குங்க. சத்தியமா இருக்கு."

"கையை இறக்குப்பா, கை வலிக்கும்," என்றாள் ஷெஸ்கா.

கதை துண்டு துண்டாக வந்தது. புதன்கிழமை, கல்யாணக் கோட்டு எடுத்து வரலாம் என்று க்ளிமென் அவனைக் காரில் ஏற்றினார். லா செயுவில் அவனைக் கடைக்குள் விட்டுவிட்டு, போனையும் பர்சையும் காரிலேயே வைத்துக்கொண்டு நழுவிவிடுவதாகத் திட்டம். அவன் திரும்பி வருவதற்குள் ஓடிவிட்டான் என்று கதை கட்டிவிடலாம். ஆனால் எல்லை வரிசை கண்ணில் பட்டதும் யெர்லான் ஓடுகிற காரிலேயே கதவைத் திறந்துவிட்டான். கடை இந்தப் பக்கம் என்றல்லவா நினைத்தேன், எனக்கு அந்தப் பக்கம் போக முடியாது, என் விசா ஒரு தடவை விசா, அது எப்போதோ தீர்ந்துவிட்டது என்று நடுநடுங்கினான். க்ளிமென் வரிசையின் நடுவிலேயே வண்டியைத் திருப்ப வேண்டியதாயிற்று. பின்னால் இருந்தவர்கள் எல்லாம் ஹாரன் அடித்தார்கள்.

"எனக்கு எப்படிங்க தெரியும்?" என்றார் க்ளிமென் தடேயுவிடம், நியாயம் கேட்பவர் போல. "ஒரு மனுஷனை எல்லைக்கு அந்தப் பக்கம் விடறது ஒரு வேலையா? ஆடு மாடெல்லாம் போய்ட்டு வருது."

"அதனால இங்க கொண்டு வந்து அடைச்சீங்க."

"அடைக்கலைங்க," என்றான் யெர்லான். "மாமா என்னைக் காப்பாத்தறார். வரிசையில வண்டி திருப்பினதை ஸ்பெயின் போலீஸ் பார்த்துட்டாங்களாம், என் பேரைக் கேட்டு இங்க ஆள் வந்திருக்காம். கல்யாணம் வரைக்கும் வெளிய தலை காட்டாதே, போனை அணைச்சு வை, நெயுஸுக்கு நான் சொல்லிக்கறேன்னாரு." அவன் க்ளிமெனைப் பார்த்தான். "சொன்னீங்கல்ல மாமா?"

மாமா வைக்கோலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாதக்கணக்கில் விசா வரிசையில் நின்றவனிடம் போலீஸ் என்று ஒரு சொல் சொன்னால் போதும், அவனே உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வான் என்பது தடேயுவுக்குப் புரிந்தது.

"நாடகம் நல்லா இருக்கு க்ளிமென்," என்றார். "ஆனா இது உங்க மூளை இல்ல."

"என்னுதுதாங்க. முழுக்க என்னுது."

"ஷெஸ்கா, இங்க என்ன வாசம் வருது?"

ஷெஸ்கா கணப்புக்குப் பக்கத்தில் கிடந்த காலித் தட்டை எடுத்து மோந்தாள். விரலால் வழித்து நாக்கில் வைத்தாள். அவள் முகம் கோணியது. பிறகு மெல்ல மெல்ல விரிந்தது.

"சப்புன்னு இருக்கு," என்றாள். "அடப்பாவமே."

அந்த நேரத்தில் கதவு திறந்தது. துணி சுற்றிய இரும்புச் சட்டியை இரண்டு கையிலும் தாங்கிக்கொண்டு, "சூடா இருக்கு, தட்டை எடு," என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தவள் ரெமேய். தலை நிமிர்ந்து பார்த்தாள். சட்டியைக் கீழே போடவில்லை. சமையல்காரி.

அவளுக்குப் பின்னால், கதவு நிலையில், நெயுஸ் நின்றாள். அம்மா சட்டியோடு கிளம்பினால் சத்தம் போடாமல் பின்னாலேயே போ என்றுதான் விடுதி வாசலில் தடேயு அவள் காதில் சொல்லியிருந்தார்.

"இந்த மலையில பன்றிக்கொழுப்பு போடாம டிரின்ஷாட் செய்யறவங்க யாரும் கிடையாது ரெமேயம்மா," என்றார் தடேயு. "தொடாதவன் ஒருத்தனுக்காகச் செஞ்சாத்தான் உண்டு. அவன் ஓடிப்போய் மூணு நாளாச்சு, நீங்க இன்னும் அவனுக்குத் தனிச் சட்டி வைக்கறீங்க. கரண்டியை மோந்தபோதே நான் வீட்டுக்குப் போயிருக்கலாம். உங்க தம்பி எங்க வெச்சிருக்காருன்னு தெரியாததால அலைஞ்சேன்."

"அப்ப என்கிட்ட ஏன் சொல்லலை?" என்றாள் ஷெஸ்கா.

"நீ உப்பைப் பத்திப் பேசிட்டிருந்தே."

ரெமேய் சட்டியை யெர்லான் முன்னால் வைத்தாள். அவன் மாமியாரையும் நெயுஸையும் மாறி மாறிப் பார்த்தான்.

"பட்டினியா போடச் சொல்றீங்க?" என்றாள் ரெமேய். "அவனைப் பிடிக்கலைன்னா சோறு போடக்கூடாதுன்னு இருக்கா?"

"மாலையைக் கழட்டுங்க," என்றார் தடேயு.

"எந்த மாலை?"

"அடுப்பு அனல்ல நின்னுட்டுக் கழுத்துல கம்பளி சுத்தறவங்களை நான் கடையில நிறையப் பார்த்திருக்கேன். திருடினதைத் தூரத்துல வைக்க யாருக்கும் மனசு வராது."

ரெமேய் துண்டை அவிழ்த்தாள். கணப்பு வெளிச்சத்தில் அவள் கழுத்தில் சிவப்புக் கற்கள் மின்னின.

நெயுஸ் அம்மாவைக் கடந்து நேராக யெர்லானிடம் போனாள். அவன் முகத்துக்கு முன்னால் நின்றாள். கட்டிப்பிடிப்பாள் என்று ஷெஸ்கா எதிர்பார்த்தாள். நெயுஸ் அவன் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

"ஞாயித்துக்கிழமைத் தலைவலி! நான் உனக்குக் கஷாயம் வெச்சுக் குடுத்தேன்டா."

"காகிதத்துக்காகக் கட்டிக்கறேன்னு நீ நினைச்சுடுவியோன்னு," என்றான் அவன். குரல் கீழே போய்விட்டது. "சொல்லலாம்னு நினைப்பேன். அப்புறம் இன்னொரு வாரம் போகட்டும்னு தோணும்."

"ஒரு வருஷம் கஷாயம் குடிச்சிருக்கே."

"நல்லாத்தான் இருந்துது," என்றான்.

இன்னொரு அடி விழுந்தது. இரண்டாவது அடிக்குப் பிறகு அவள் கையை எடுக்கவில்லை.

ரெமேய் அவர்களைப் பார்க்காமல் வைக்கோல் கட்டின் மேல் உட்கார்ந்தாள். சட்டென்று வயதாகிவிட்டவள் போல் இருந்தாள். "கெடுக்கணும்னு செய்யலை தடேயு. போலீசுக்கெல்லாம் போயிருக்க மாட்டேன், சும்மா மிரட்டினேன். நாளைக்கு ஓடறவன் இன்னிக்கே ஓடிட்டான்னு வெச்சுக்கட்டும்னு நினைச்சேன். கல்யாணத்துக்கு முன்னாடி ஓடினா ஒரு வருஷத்துல ஆறிடும். கைக்குழந்தையோட விட்டுட்டு ஓடினா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்."

தடேயுவுக்கு ஆறுதல் சொல்லி வழக்கமில்லை. ஆறுதல் சொல்கிறவர்களையும் அவர் நம்புவதில்லை. வெறும் விஷயத்தைச் சொன்னார்.

"நீங்க மூணு நாளா இவனைத் துரத்தப் பாடுபட்டீங்க. முடிஞ்சுதா?"

"இல்ல."

"கார் வெச்சு, ஆள் வெச்சு, எல்லை வரைக்கும் கொண்டு போயும் முடியலை. ரெமேயம்மா, ஓடிப்போக முடியாத மாப்பிள்ளை இந்த நாட்டுலயே இவன் ஒருத்தன்தான். அவனைப் போய் வேணாங்கறீங்க."

ரெமேய் தலையை நிமிர்த்தினாள். மெதுவாகத் திரும்பி மருமகனைப் பார்த்தாள். அவன் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இப்படி ஒருமுறை அவனைப் பார்த்திருப்பாளா என்பது சந்தேகம்.

"நிஜமாவே போக முடியாதா?" என்றாள்.

"முடியாதுங்க அத்தை."

"பிரான்ஸ் பக்கம்?"

"அங்கயும் அதே விசாதான்."

"டயர் வாங்கக்கூடவா?"

"எதுக்குமே முடியாது."

"மலை மேல ஏறி நடந்து போனா?"

"பிடிச்சா ஜெயில்ல போட்டுருவாங்க அத்தை. எனக்குப் பயம்."

ரெமேய் மாலையின் கொக்கியைப் பின்னால் கை வைத்துத் தேடினாள். கிடைக்கவில்லை. நெயுஸ் வந்து கழற்றினாள். ரெமேய் அதை வாங்கி மகள் கழுத்தில் ஒருமுறை வைத்துப் பார்த்தாள். பிறகு சட்டியின் மூடியைத் திறந்து, யெர்லானின் தட்டில் கரண்டி கரண்டியாக வைத்தாள். அவன் போதும் என்றான். அவள் கேட்கவில்லை.

"கல்யாணம் ஆயிட்டா உனக்கு வேற விசா குடுப்பாங்கல்ல?" என்றாள், தட்டைப் பார்த்துக்கொண்டே. "எத்தனை தடவை வேணா போய் வர்ற மாதிரி?"

"கேட்டுப் பார்க்கணும் அத்தை. இவளைக் கட்டிக்கிட்டா குடுப்பாங்கன்னு சொல்றாங்க. திங்கட்கிழமையே எழுதிப் போட்டுடலாம்."

"அவசரமில்ல," என்றாள் ரெமேய். "சாப்பிடு."